கால் மாத்திரையும் கண்ணீர் அழுத்தமும்

"கால் மாத்திரை"ன்னு சொன்னா உங்க மனசுல முதல்ல என்ன வருது?

நாலா உடைச்ச மாத்திரையில ஒரு துண்டா? இல்ல கால்வலிக்குப் போடுற மாத்திரையா?

இழை கொஞ்சம் நீளம். டீயை எடுத்து வச்சுக்கிட்டு படிங்க. ஒரு கூட்டுச் சொல்லை எங்க உடைக்கிறோம், எங்க அழுத்துறோம், எங்க மூச்சு விடுறோம்ங்கிறதப் பத்தி இது. தமிழ் வாத்தியார் பேச வேண்டியதை டாக்டர் ஏன் பேசணும்னு கேட்பீங்க. சொல்றேன்.

நான் இருக்கிறது தேன்கனிக்கோட்டை. ஓசூர்லேர்ந்து தெற்கே வந்தா மலையும் காடும் ஆரம்பிக்கிற இடம். பஸ்ஸ்டாண்டுல பத்து நிமிஷம் நின்னா தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் காதுல விழும். சிப்காட் பக்கம் வேலைக்கு வந்து இங்க வீடு எடுத்துத் தங்கியிருக்கிற பீகார், ஒடிசா பசங்களால இப்ப இந்தியும் சேர்ந்துடுச்சு. ஒரு காலை ஓ.பி.யில நாலு மொழி மாறாம நான் எழுந்ததே இல்லை.

ஊர் பேரையே எடுத்துக்கோங்க. தமிழ்க் காது அதை தேன் + கனி + கோட்டைன்னு உடைச்சு வச்சிருக்கு. எவ்வளவு இனிப்பு! ஆனா ஆங்கிலத்துல இன்னைக்கும் அது 'டெ'ன்னுதான் ஆரம்பிக்குது. பக்கத்துல கன்னடமோ தெலுங்கோ பேசுறவங்களைச் சொல்லச் சொல்லுங்க, 'டெங்கணிகோட்டா'ம்பாங்க. தேனும் இல்ல, கனியும் இல்ல. ஓசூரும் அப்படித்தான். கன்னடத்துல ஹொச + ஊரு, புது ஊர். ஒகேனக்கல்லை 'ஒகே, னக்கல்'னு சொல்லி மீம் போடுறாங்க நம்ம ஆளுங்க. அது ஹொகே, அதாவது புகை. கல்லுன்னா நம்ம கல்லுதான். அருவிச் சாரல் புகை மாதிரி எழும்புற பாறை. உடைக்க வேண்டிய இடத்துல உடைச்சா அருவியே கண்ணுக்குத் தெரியும்.

சரி, கால் மாத்திரைக்கு வர்றேன்.

சில வருஷம் முன்னாடி ஒரு அவ்வாவைக் கூட்டிட்டு வந்தாங்க. எழுபதைத் தாண்டினவங்க, வீட்ல தெலுங்கு. இதயம் பலவீனமாகி, ரெண்டு காலும் வீங்கி, ஒரு பெரிய ஊர் ஆஸ்பத்திரியில படுத்துட்டு வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆகியிருந்துச்சு. இப்ப சாப்பாடு இறங்கல, ஒரே வாந்தி. "கண்ணுக்கு எல்லாம் மஞ்சளா தெரியுதுன்னு சொல்றாங்க சார்"னு மருமக சொன்னாங்க. நாடி பிடிச்சேன். நிமிஷத்துக்கு 42.

மஞ்சளாத் தெரியுது, வாந்தி, நாடி குறைவு. இந்த மூணையும் சேர்த்துக் கேட்டா எந்த டாக்டருக்கும் ஒரு பேர் ஞாபகம் வரும்: டிஜாக்சின். இதயத்துக்கு ரொம்பப் பழைய மருந்து. நல்ல மருந்துதான், ஆனா சரியான அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் குறைவு. வயசானவங்களுக்கு, கிட்னி கொஞ்சம் மந்தமா இருந்தா, 0.25 மில்லிகிராம் மாத்திரையில கால் பங்கு போதும்னு எழுதுவோம். அவ்வா சீட்டிலயும் ஒழுங்கா 1/4னுதான் எழுதியிருந்துச்சு.

மருமகளைக் கேட்டேன், "இதை எவ்வளவு குடுக்குறீங்க?"

"தினம் ஒண்ணு சார். கால் ரொம்ப வலிக்குதுன்னா இன்னொண்ணு. அது கால் மாத்திரைதானே?"

கொஞ்சம் கொஞ்சமாக் கேட்டதுல கதை வெளிய வந்துச்சு. மருந்து எடுத்துக் குடுத்தவர் தமிழ்க்காரர். பாட்டிக்குப் புரியணுமேன்னு தனக்குத் தெரிஞ்ச தெலுங்குல, அக்கறையா, "இதி காலு மாத்ர"ன்னு சொல்லியிருக்கார். தமிழ்ல கால்னா நாலில் ஒண்ணும் உண்டு, நடக்குற காலும் உண்டு. கன்னடத்துல காலுன்னாலும் அப்படித்தான், ரெண்டும். ஆனா தெலுங்கு பேச்சுல காலுன்னா நடக்குற காலு. நாலில் ஒண்ணுக்கு அவங்க 'பாவு'ம்பாங்க. அவ்வா காதுல விழுந்தது ஒரே அர்த்தம்தான். அதுவும் வீங்கின காலோட படுத்திருந்தவங்களுக்கு அதைவிடப் பொருத்தமான அர்த்தம் வேற கிடையாது. நீர் பிரியுற மாத்திரையால வீக்கம் வடிய வடிய, 'கால் மாத்திரை நல்லா வேலை செய்யுது'ன்னு நம்பிக்கை வேற கூடியிருக்கு. (அந்த நீர் மாத்திரையே உடம்புல பொட்டாசியத்தைக் குறைச்சு டிஜாக்சின் விஷத்தை இன்னும் கூட்டும். அது தனிக் கதை.)

ஈசிஜி எடுத்து, மாத்திரையை நிறுத்தி, ஓசூருக்கு அனுப்பினோம். சில நாள் மானிட்டர்ல வச்சிருந்தாங்க. பொழைச்சு வந்தாங்க.

இதுல யாரைத் திட்டுறது? சீட்டு எழுதினவர் சரியா எழுதினார். குடுத்தவர் மொழி தெரியாத பாட்டிக்காக மெனக்கெட்டார். மருமக சொன்னபடி குடுத்தாங்க. 'கால்'னு சொல்லிட்டு ஒரு சின்ன இடைவெளி விட்டு, நாலு விரல்ல ஒண்ணைக் காட்டியிருந்தா போதும்.

இன்னொரு விஷயம். பாதத்துக்கும் நாலில் ஒண்ணுக்கும் ஒரே சொல்ங்கிறது தமிழோட தனிப் பைத்தியம் இல்லை. சம்ஸ்கிருதத்துல பாதம்னாலும் அந்த ரெண்டு அர்த்தமும் உண்டு. அதுலேர்ந்து வந்த உருது, இந்தியில 'பாவ்' கால் பங்கு. அதையே கொஞ்சம் மூக்கால சொன்னா பாதம். நாலு கால் மிருகத்தைப் பார்த்து எண்ணினவங்க எல்லாரும் ஒரே மாதிரி எண்ணியிருக்காங்க போல. சளி பிடிச்ச இந்திக்காரர் வந்து 'பாவ்'னு சொன்னா நான் கீழே குனிஞ்சு காலைத்தான் பார்ப்பேன்!

'மாத்திரை'யும் லேசுப்பட்ட சொல் இல்லை. இலக்கணத்துல அது நேர அளவு. கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டு, மெய்க்கு அரை. ஸ்கூல்ல 'மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை'ன்னு படிச்சப்போ பாராசிட்டமாலை உடைச்சு மெய்யெழுத்துக்குக் குடுக்குற மாதிரி நினைச்சுச் சிரிச்சது நான் மட்டும் இல்லைன்னு நம்புறேன்.

இந்த 'எங்க உடைக்கிறது' சிக்கலை நம்ம ஆளுங்க எப்பவோ கவனிச்சு எழுதி வச்சுட்டாங்க. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துல, புணர்ச்சியைப் பேசுற இடத்துல ஒரு நூற்பா வருது. எழுத்து ஒண்ணுபோலவே இருக்கும், பொருள் மட்டும் ரெண்டாப் பிரியும், அப்போ அதைப் பிரிச்சுக் காட்டுறது சொல்ற ஓசைதான்னு அதோட சாரம். உரைகாரங்க குடுக்குற உதாரணம் பிரமாதம்: 'செம்பொன்பதின்தொடி'. செம்பு + ஒன்பதின் தொடின்னு உடைச்சா ஒன்பது தொடி எடை செம்பு. செம்பொன் + பதின் தொடின்னு உடைச்சா பத்து தொடி எடை தங்கம். எழுத்துல ஒரு புள்ளி மாறல. நகைக்கடையில இதை எங்க நிறுத்திச் சொல்றீங்கங்கிறதுல குடும்பமே இருக்கு!

இன்னொண்ணு, 'குன்றேறாமா'. குன்று ஏறா மா: மலை ஏறாத விலங்கு. குன்று ஏறு ஆமா: மலை ஏறுகிற காட்டுப் பசு. ஏறுமா ஏறாதாங்கிறதே தலைகீழ்.

கவனிங்க, இதுக்குத் தீர்வு எழுத்துல இல்லைன்னு அப்பவே சொல்லிட்டாங்க. வாயிலதான் இருக்கு.

எழுத்து காப்பாத்துற இடமும் உண்டு. 'கீரைக் கடை'ன்னா கீரை விக்கிற கடை. 'கீரை கடை'ன்னா மத்தை எடுத்துக் கடையச் சொல்றது. நடுவுல ஒரு ஒற்று நிக்குது. 'ஒற்று போட்டா என்ன, போடாட்டி என்ன'ன்னு கேக்குற என் கம்பவுண்டர் தம்பிக்காக இந்த வரி.

இப்ப கொஞ்சம் தூரமாப் போயிட்டு வரலாம். ஹாலந்துக்கு.

என்கிட்ட வர்ற ஒரு பெரியவரோட பையன் அங்க ஐந்தோவன்ல இன்ஜினியர். லீவுல வந்தப்போ அப்பாவோட பிபி பார்க்க வந்துட்டு, "டச்சு படிக்கிறேன் டாக்டர், சொல்லைச் சொல்லோட ஒட்டி ஒட்டி ரயில் மாதிரி எழுதுறாங்க, எங்க முறிக்கிறதுன்னே தெரியல"ன்னு புலம்பினார். "தமிழனுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?"ன்னு கேட்டேன். அன்னைக்கு ஓ.பி. அரை மணி நேரம் லேட்.

அவர் சொன்ன ஒரு சொல்: 'க்வார்ட்ஸ்லாகன்'. க்வார்ட் + ஸ்லாகன்னு உடைச்சா கால் சுற்றுகள், ஸ்குரூவைக் கால் சுத்து சுத்துறோமே அது. க்வார்ட்ஸ் + லாகன்னு உடைச்சா பாறையில இருக்கிற குவார்ட்ஸ் அடுக்குகள். நம்ம கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியில ரெண்டுமே தேவைப்படும். பாருங்க, அங்கயும் 'கால்'தான் மாட்டுது.

ஆனா டச்சுல இன்னொரு சங்கதி இருக்கு, அது நமக்கு இல்லை. அழுத்தம். ரெண்டு சொல்லை ஒட்டினா பெரும்பாலும் முதல் சொல்லைத்தான் அழுத்திச் சொல்வாங்க. வினைச்சொல்ல அழுத்தம் இடம் மாறினா அர்த்தமே மாறிடும். 'ஃபோர்கோமன்'னு ஒரு சொல். 'ஃபோர்'ல அழுத்தினா 'நேர்தல், காணப்படுதல்'. 'கோ'வில அழுத்தினா 'வராமல் தடுத்தல்'. எழுத்து அதேதான். ஒரு டாக்டரா இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு படபடத்துச்சு. ஒரு நோய் இந்த ஊர்ல இருக்குன்னு சொல்றதுக்கும், தடுக்குறோம்னு சொல்றதுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு அசை அழுத்தம்! குழப்பம் வரும்னு தோணுற இடத்துல மட்டும் அவங்க எழுத்து மேல சின்னக் கோடு போட்டு, இங்க அழுத்துன்னு காட்டிடுவாங்களாம். புத்திசாலிங்க.

தமிழ்ல அசையை அழுத்தி ஒரு சொல்லை இன்னொரு சொல்லா மாத்த முடியாது. 'அம்மா'வை எங்க அழுத்தினாலும் அம்மாதான், கோபமா கொஞ்சலாங்கிறது மட்டும்தான் மாறும். நமக்கு இருக்கிறது இடைவெளி. மூச்சு விடுற இடம்.

இதை மூளைப் பக்கத்துலேர்ந்தும் பார்த்திருக்காங்க. நாம பேசுறப்போ சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல, அச்சுல இருக்கிற மாதிரி காலி இடம் கிடையாது. தெரியாத மொழியைக் கேளுங்க, ஒரே ஓட்டமா இருக்கும். காலி இடத்தைப் போடுறது கேக்குறவரோட மூளை. 1996-ல ஜென்னி சாஃப்ரனும் கூட்டாளிங்களும் எட்டு மாசக் குழந்தைகளுக்கு ரெண்டே நிமிஷம், நடுவுல நிறுத்தமே இல்லாத அர்த்தமில்லாத அசைகளைக் கேக்க வச்சாங்க. எந்த அசைக்கு அப்புறம் எந்த அசை வழக்கமா வருதுங்கிற கணக்கை வச்சே குழந்தைங்க 'சொல்'லைப் பிரிச்சு எடுத்துடுச்சுங்க. ஹாலந்தோட நைமேகன்ல மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல ரொம்ப வருஷம் இருந்த ஆன் கட்லர் காட்டினது, ஒவ்வொரு மொழிக்காரரும் தன் மொழியோட தாளத்தை வச்சுத்தான் கேட்டதை உடைக்கிறார்ங்கிறது. ஆங்கிலக்காரர், டச்சுக்காரர் அழுத்தமான அசையைப் பிடிச்சுக்குவார். அடுத்தவர் மொழியைக் கேக்குறப்பவும் அதே கத்தியைத்தான் எடுப்பார்.

அவ்வா பண்ணதும் அதுதான். வந்த ஓசையைத் தன் மொழிக் கத்தியால வெட்டினாங்க.

நம்ம ஊர் வாய்க்குள்ள ஒரு டச்சுக் கூட்டுச் சொல்லே உக்காந்திருக்கு, தெரியுமா? பழவேற்காட்டுலயும் நாகப்பட்டினத்துலயும் 17-ஆம் நூற்றாண்டுல அவங்க கோட்டை கட்டி உக்காந்திருந்தப்போ விட்டுட்டுப் போனது. கக் + ஹவுஸ். முதல் பாதிக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை, ரெண்டாவது வீடு. நாம கக்-கூஸ்னு நடுவுல வெட்டினதுல வீடு காணாமப் போச்சு.

சரி, சிரிச்சது போதும். மறுபடி ஓ.பி.க்கு வருவோம்.

உடம்பு உறுப்புப் பேர் எல்லாம் தமிழ்ல கூட்டுச் சொல்தான். கல்லீரல்: கல் + ஈரல், கெட்டியா இருக்கிற ஈரல். நுரையீரல்: நுரை + ஈரல், தொட்டா நுரை மாதிரி இருக்கும். எவ்வளவு அழகா வச்சிருக்காங்க. ஆனா "உங்களுக்குக் கல்லீரல் பாதிப்பு"ன்னு சொன்னா 'கல்' மட்டும் காதுல போய் நிக்கிற ஆட்கள் உண்டு. குடியால ஈரல் கெட்டவர் வீட்டுக்குப் போய் வாழைத்தண்டு ஜூஸ் குடிச்சுக்கிட்டு, குடியையும் விடாம, கல் கரையுதுன்னு காத்திருப்பார். நீரிழிவுல 'இழிவு'ன்னு கேட்டு அவமானமா நினைக்கிறவங்களும் இருக்காங்க. அந்த இழிவு கீழே இறங்குறது, ஒழுகுறது. டயாபெடிஸ்ங்கிற கிரேக்கச் சொல்லுக்கும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான்.

என்னை ரொம்பப் பாதிச்சது இன்னொரு சொல். கண்ணீரழுத்தம்.

கிளாகோமாவுக்கு அப்படி ஒரு தமிழ்ப் பேர் புழக்கத்துல இருக்கு. வச்சவர் மனசுல இருந்தது கண் + நீர் + அழுத்தம்: கண்ணுக்கு உள்ள சுரக்கிற நீரோட அழுத்தம். ஆனா கண்ணும் நீரும் புணர்ந்தா என்ன ஆகும்? கண்ணீர் ஆகும். அழும்போது வர்றது. எழுத்துல ரெண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை. செம்பொன்பதின்தொடி கதையேதான். ஆனா இங்க தராசுல இருக்கிறது பார்வை.

தளிப் பக்கம் ரோஜாத் தோட்டம் வச்சிருக்கிற ஒருத்தர், அறுபதை நெருங்குறவர், நெத்தியில வீக்கத்தோட வந்தார். நிலைப்படியில இடிச்சுக்கிட்டாராம். ஒரே மாசத்துல மூணாவது தடவை. அதுக்கு முன்னாடி வாரம் பக்கவாட்டுல வந்த பைக்கைப் பார்க்காம ரோட்டைக் கடந்து மயிரிழையில தப்பிச்சிருக்கார். தலையைவிட எனக்குக் கண்ணு மேல சந்தேகம். "என் மூக்கையே பாருங்க"ன்னு சொல்லி, ரெண்டு பக்கமும் விரலை நீட்டி ஆட்டினேன். விரல் கிட்டத்தட்ட நடுவுக்கு வர்ற வரைக்கும் அவருக்குத் தெரியல. குழாய்க்குள்ள பாக்குற மாதிரி பார்வை.

"கண்ணுக்கு முன்னாடி காட்டியிருக்கீங்களா?"

"ஒன்றரை வருஷம் முன்னாடி ஒரு கேம்ப்ல பாத்தாங்க சார். கண்ணீர் அழுத்தம்னாங்க. சொட்டு மருந்து குடுத்தாங்க. ஊத்துனேன். அப்புறம் கண்ணுல தண்ணி வர்றது நின்னு போச்சு, அதனால விட்டுட்டேன்."

அவர் 'கண்ணீர்... அழுத்தம்'னு நிறுத்திச் சொன்னார். கண்ணீர் நின்னா நோய் நின்னுச்சு. அவர் வெட்டின இடத்துல வெட்டினா அந்த முடிவு நூத்துக்கு நூறு சரி.

கண்ணுக்குள்ள ஓடுற அந்த நீர், வெளிய வழியிற கண்ணீர் இல்லைங்க. அது உள்ளயே சுரந்து உள்ளயே வடியும். வடிகால் அடைச்சா அழுத்தம் ஏறும். பொதுவா 10-லேர்ந்து 21 மில்லிமீட்டர் பாதரசம் வரைக்கும் இருக்கும். ஏறினா பின்னாடி இருக்கிற பார்வை நரம்பு நசுங்கும். பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது, தண்ணி வராது. ஓரத்துலேர்ந்து பார்வை போகும், நடுப் பார்வை கடைசி வரைக்கும் நல்லாவே இருக்கும். அதனாலதான் யாருக்கும் தெரியறதில்லை. போன பார்வை திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து, பலருக்கு ஆயுசு முழுக்க.

அவர்கிட்ட நான் தமிழ்லயே பேசினேன், ஆனா நடுவுல மூச்சு விட்டு: "கண்ணு. உள்ள. நீர் அழுத்தம். டிராக்டர் டியூப்ல காத்து ஏறுற மாதிரி." கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அப்ப அந்தத் தண்ணி வேற, இந்தத் தண்ணி வேறயா?"ன்னு கேட்டார். அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட அனுப்பினேன்.

இப்ப என் மேசையில சில பழக்கம். கிளாகோமாவுக்கு 'கண் உள்ளழுத்தம்'னு சொல்றேன், யார் எப்படி உடைச்சாலும் கண்ணீர் வராது. கால் மாத்திரைன்னு வாயால சொல்றதே இல்லை. மாத்திரையை அவங்க எதிர்லயே உடைச்சு ஒரு துண்டைக் கையில வைக்கிறேன், இல்லன்னா சின்ன டோஸ் மாத்திரையா எழுதிடுறேன். டிஜாக்சின்ல 0.0625 கிடைக்கிற இடத்துல அதையே வாங்கச் சொல்றேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள்ங்கிறதை 'திங்கள், புதன், வெள்ளி'ன்னு ஆக்கிட்டேன். தெலுங்குல 'ரோஜு விடிச்சி ரோஜு', கன்னடத்துல 'தின பிட்டு தின'ன்னு சொன்னாலும், பாதியில காதை எடுத்தவருக்கு 'தினம்' மட்டும்தான் மிஞ்சுது. கடைசியா, "நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க பாப்போம்"னு கேக்குறேன். அவங்க மொழியில, அவங்க வெட்டுற இடத்துல. அப்பதான் கத்தி எங்க விழுந்திருக்குன்னு தெரியுது. கூட ரெண்டு நிமிஷம் ஆகுது. வெளிய நிக்கிற வரிசை முணுமுணுக்குது, முணுமுணுக்கட்டும்.

நீங்களும் டாக்டர்கிட்டயோ மெடிக்கல்லயோ மருந்து வாங்கினா, கேட்டதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிட்டு நகருங்க. 'இவருக்கு இதுகூடப் புரியலையா'ன்னு நினைப்பாங்களோன்னு கூச்சம் வேணாம்.

கிளாகோமா குடும்பத்துல ஓடும். அப்பா அம்மாவுக்கோ கூடப் பொறந்தவங்களுக்கோ இருந்தா, உங்களுக்குக் கண்ணு எவ்வளவு நல்லாத் தெரிஞ்சாலும் ஒரு தடவை அழுத்தம் பாத்துடுங்க. நாற்பதைத் தாண்டினவங்க கண்டிப்பா.

ரோஜாத் தோட்டக்காரர் போன மாசம் தம்பியைக் கூட்டிட்டு வந்தார். தம்பிக்கு ஒண்ணுமே இல்லை, தூரத்துல வர்ற பஸ் போர்டு வரைக்கும் படிக்கிறார். "இவனுக்கும் பாத்துடுங்க சார்"னு சொல்லிட்டு, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரே தம்பிகிட்ட விளக்க ஆரம்பிச்சுட்டார்: "இது அழுகுற தண்ணி இல்லடா, உள்ள இருக்கிற தண்ணி..."